கதிரியக்கமும் அணுப்பிளவும்: வீட்டில் எழும் மூன்று கேள்விகள்



2020ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலையை ஒன்ராறியோவில் வாழும் எங்களில் பலர் மறந்திருக்க மாட்டோம். காலை ஏழரை மணிக்குச் சற்று முன்னர் மாகாணம் முழுவதும் கைத்தொலைபேசிகள் ஒரே நேரத்தில் அலறின. பிக்கரிங் அணுமின் நிலையத்தில் ஒரு சம்பவம் என்று செய்தி சொன்னது. பிள்ளைகளை எழுப்பிக் காரில் ஏற்றியவர்களும் உண்டு, யன்னல்களை எல்லாம் பூட்டிவிட்டு உள்ளே இருந்தவர்களும் உண்டு. அது தவறுதலாக அனுப்பப்பட்ட செய்தி என்று அடுத்த அறிவித்தல் வருவதற்கு ஏறக்குறைய இரண்டு மணிநேரம் ஆயிற்று.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அதன் பின்னர் எங்கள் ஒன்றுகூடல்களில் இந்த விடயம் பற்றிய கேள்விகள் அடிக்கடி வருகின்றன. அவற்றில் மூன்றை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

முதலாவது கேள்வி ஒரு தாயிடம் இருந்து வந்தது. "தபாலில் வந்த அயடீன் குளிசை குசினி லாச்சிக்குள் கிடக்கிறது. அதை எப்போது போடவேண்டும்? எதற்குப் போடவேண்டும்?"

இரண்டாவது, தைரொயிட் சுரப்பியில் புற்றுநோய் வந்து சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஒரு வயதான அம்மாவின் கேள்வி. அடுத்ததாகக் கதிரியக்க அயடீன் தரப்போவதாக வைத்தியர் சொல்லியிருந்தார். "அணுகுண்டில இருக்கிற சாமானை நான் ஏன் விழுங்கவேணும்? வீட்டில பேரப்பிள்ளை இருக்கு" என்று அவர் மறுத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது, நிலக்கீழ் அறையில் குழந்தையுடன் குடியிருக்கும் ஓர் இளம் தம்பதியினரின் கேள்வி. "ரேடன் வாயு என்கிறார்களே, அது அணுமின் நிலையத்தில் இருந்தா வருகிறது?"

மூன்று கேள்விகளிலும் "கதிரியக்கம்" என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. ஆனால் மூன்றுக்கும் பதில் வேறு வேறு. கதிரியக்கச் சிதைவு என்பது ஒன்று, அணுக்கருப் பிளவு என்பது இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டையும் உறவையும் விளங்கிக்கொண்டால் எதற்குப் பயப்படவேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்பது தானாகவே தெளிவாகும்.

அணுக்கரு ஏன் சிதைகிறது?

பாடசாலையில் படித்ததைச் சற்று நினைவுபடுத்துவோம். ஒவ்வோர் அணுவின் நடுவிலும் ஒரு கரு உண்டு. அதற்குள் நேர்மின்னேற்றம் உடைய புரோத்தன்களும் மின்னேற்றம் இல்லாத நியூத்திரன்களும் இருக்கின்றன. புரோத்தன்கள் ஒன்றையொன்று தள்ளும். மிகக் கிட்டிய தூரத்தில் மட்டும் செயற்படும் அணுக்கரு விசை இரண்டு வகையையும் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கும். இந்தத் தள்ளலும் பிடிப்பும் சமநிலையில் இருந்தால் அந்தக் கரு எத்தனை காலமானாலும் அப்படியே இருக்கும். கரு அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தாலோ, புரோத்தன் நியூத்திரன் விகிதம் பொருத்தமில்லாமல் இருந்தாலோ அது நிலையாக இருக்காது. தன்னிடம் மிஞ்சியிருப்பதை வெளியே விட்டு அமைதி அடையப் பார்க்கும். இதுவே கதிரியக்கச் சிதைவு.

பழுத்த பழம் மரத்தில் இருந்து தானாக விழுவதைப் போன்றது இது. எந்தப் பழம் எப்போது விழும் என்று சொல்லமுடியாது. ஆனால் அணுக்கள் கோடானுகோடியாக இருப்பதால், எவ்வளவு காலத்தில் அவற்றில் பாதி சிதைந்துவிடும் என்று மிகச் சரியாகச் சொல்லலாம். அந்தக் காலத்தை அரைவாழ்வுக்காலம் என்கிறோம். யுரேனியம் 238இன் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள். அயடீன் 131க்கு 8 நாட்கள். வைத்தியசாலை ஸ்கான்களில் பயன்படும் ரெக்னீசியம் 99எம் என்பதற்கு வெறும் 6 மணிநேரம்.

சிதைவின் வகைகள்

கதிரியக்கத்தை 1896இல் பிரான்சில் ஹென்றி பெக்கரல் கண்டுபிடித்தார். அதன் வகைகளைப் பிரித்து அல்பா, பீற்றா என்று பெயரிட்டவர் ஏர்னஸ்ட் ரதர்போர்ட். அவர் 1898 முதல் 1907 வரை எங்கள் கனடாவில், மொன்றியல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்தில்தான் பணியாற்றினார். ஒரு மூலகம் சிதைந்து இன்னொரு மூலகமாக மாறுகிறது என்பதை அவரும் பிரடெரிக் சொடியும் அங்குதான் நிறுவினார்கள்.

அல்பாச் சிதைவு: பெரிய கரு, இரண்டு புரோத்தன்களும் இரண்டு நியூத்திரன்களும் சேர்ந்த ஒரு சிறு துண்டை வெளியே எறிகிறது. யுரேனியம், தோரியம், ரேடியம், ரேடன் ஆகியவை இப்படிச் சிதைபவை. அல்பாத் துகள் பாரமானது, வேகமாகச் சக்தியை இழக்கும். ஒரு கடதாசித் தாளோ எங்கள் தோலின் மேற்படையோ அதைத் தடுத்துவிடும். ஆனால் மூச்சுடன் நுரையீரலுக்குள் போய்விட்டால் நிலைமை வேறு. தன் சக்தி முழுவதையும் ஒரு சில கலங்களுக்குள் கொட்டிவிடும். உடலுக்குள் ஒரே அளவு சக்தியைக் கொட்டினாலும், அல்பாவின் பாதிப்பைப் பீற்றா, காமாவைவிட 20 மடங்காகவே கதிர்ப் பாதுகாப்புக் கணக்கில் எடுக்கிறார்கள்.

பீற்றாச் சிதைவு: நியூத்திரன் அதிகமாக உள்ள கருவில் ஒரு நியூத்திரன் புரோத்தனாக மாறுகிறது. அப்போது ஓர் இலத்திரன் வேகமாக வெளியே வருகிறது. அயடீன் 131, சீசியம் 137, ஸ்ரொன்சியம் 90 ஆகியவை இந்த வகை. பீற்றாத் துகள் உடலுக்குள் சில மில்லிமீற்றர் தூரம் செல்லும். புரோத்தன் அதிகமாக உள்ள கருக்களில் இதற்கு எதிர்மாறான சிதைவு நடக்கும். அப்போது பொசித்திரன் என்ற துகள் வெளிவரும். புற்றுநோயாளருக்கு எடுக்கும் பெட் ஸ்கான் இதைத்தான் பயன்படுத்துகிறது.

காமாக் கதிர்: அல்பாவோ பீற்றாவோ போன பின்னர் கருவில் மிஞ்சிய சக்தி ஒளியைப் போன்ற அலையாக வெளியேறுகிறது. இது எக்ஸ் கதிரின் உறவினர். உடலை ஊடுருவி வெளியே வரும். ஆகவே ஈயமோ தடித்த கொங்கிறீற்றோ வேண்டும். உடலுக்கு வெளியே இருந்தும் படம் பிடிக்கமுடிவதால் ஸ்கான்களுக்கு உதவுவதும் இதுவே.

ஒன்றைக் கவனியுங்கள். இவை எல்லாமே தானாக நடப்பவை. சூடாக்கினாலும் குளிர்வித்தாலும் உப்பாகக் கரைத்தாலும் இவற்றின் வேகம் மாறுவதில்லை.

அணுக்கருப் பிளவு என்பது வேறு

அணுக்கருப் பிளவில் கரு ஒரு சிறு துண்டை மட்டும் விடுவதில்லை. அது ஏறக்குறைய நடுவாலே இரண்டாகப் பிளக்கிறது. 1938 டிசம்பரில் ஜேர்மனியில் ஒட்டோ ஹானும் பிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தின் மீது நியூத்திரன்களை மோதவிட்டபோது, அதைவிட மிக இலேசான பேரியம் கிடைத்ததைக் கண்டார்கள். கரு பிளந்துவிட்டது என்று விளக்கம் சொன்னவர்கள் லீசா மைட்னரும் அவருடைய சகோதரியின் மகன் ஒட்டோ ஃபிரிஷும். மைட்னர் அப்போது நாசி ஆட்சியில் இருந்து தப்பி சுவீடனில் அகதியாக இருந்தார்.

சிதைவு பழம் தானாக விழுவது என்றால், பிளவு என்பது பலாப்பழத்தைக் கத்தி வைத்துப் பிளப்பது. இங்கே கத்தி நியூத்திரன். யுரேனியம் 235இன் கரு ஒரு நியூத்திரனை உள்வாங்கியதும் உருக்குலைந்து இரண்டாகப் பிளக்கும். துண்டுகள் பெரும்பாலும் சமமாக இருப்பதில்லை, ஒன்று பெரிது, மற்றது சிறிது. கூடவே இரண்டு மூன்று நியூத்திரன்களும் தெறிக்கும். அவை அடுத்த கருக்களைப் பிளக்கும். இதுவே தொடர்வினை. யுரேனியம் 238 ஒரு தடவை அல்பாச் சிதைவு அடையும்போது வெளிவரும் சக்தி ஏறத்தாழ 4 மில்லியன் இலத்திரன்வோல்ட். ஒரு பிளவில் வெளிவருவதோ ஏறத்தாழ 200 மில்லியன் இலத்திரன்வோல்ட். மின்னிலையமும் குண்டும் பிளவை நாடுவதற்குக் காரணம் இதுவே.

கத்தி இல்லாமலே பலாப்பழம் வெடிப்பதும் உண்டு அல்லவா? கருக்களும் மிக அரிதாக அப்படிச் செய்யும். 1940இல் சோவியத் விஞ்ஞானிகள் பிளெரோவும் பெத்ர்சாக்கும் இதைக் கண்டுபிடித்தார்கள். தன்னிச்சைப் பிளவு எனப்படும் இதுவும் கதிரியக்கச் சிதைவின் ஒரு வகையே. ஆனால் யுரேனியம் 238இல் ஏறத்தாழ இருபது இலட்சம் சிதைவுகளுக்கு ஒன்றுதான் இப்படி நடக்கும். மற்றவை எல்லாம் அல்பாச் சிதைவே.

இரண்டுக்கும் உள்ள உறவு

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். பலாப்பழம் பிளந்தபின் கையில் பால் ஒட்டிக்கொண்டு இலகுவில் போகாது. பிளவுக்குப் பிறகும் அப்படி ஒன்று மிஞ்சுகிறது. அதுதான் கதிரியக்கச் சிதைவு.

காரணம் இதுதான். பெரிய கருக்களில் புரோத்தன்களின் தள்ளலைச் சமாளிக்க அதிக விகிதத்தில் நியூத்திரன்கள் வேண்டும். யுரேனியம் 235இல் 92 புரோத்தன்களுக்கு 143 நியூத்திரன்கள். சிறிய கருக்களுக்கு அவ்வளவு தேவையில்லை. நாங்கள் உப்பில் சாப்பிடும் சாதாரண அயடீனில் 53 புரோத்தன்களுக்கு 74 நியூத்திரன்கள் போதும். யுரேனியம் பிளந்து உண்டாகும் துண்டுகளோ தாயின் விகிதத்தையே சுமந்துகொண்டு பிறக்கின்றன. அதாவது அவற்றிடம் நியூத்திரன் அதிகம். நியூத்திரன் அதிகமானால் என்ன நடக்கும் என்று மேலே பார்த்தோம்: பீற்றாச் சிதைவு. ஒன்றல்ல, பல தடவைகள். உதாரணமாக, ஒரு துண்டு தெலூரியம் 131 ஆகி, அது பீற்றாச் சிதைவால் அயடீன் 131 ஆகிறது. அது 8 நாள் அரைவாழ்வுக்காலத்துடன் மீண்டும் பீற்றாவும் காமாவும் விட்டு, நிலையான செனன் 131 வாயுவாக மாறி ஓய்கிறது.

இதனால் மூன்று விளைவுகள் உண்டு.

ஒன்று: உலையை நிறுத்தினாலும் வெப்பம் நிற்காது. பிளவைச் சில செக்கன்களில் நிறுத்திவிடலாம். சிதைவை நிறுத்த எந்த ஆழியும் கிடையாது. நிறுத்திய உடனே உலை தன் முழு வெப்பத்தில் 6 முதல் 7 சதவீதம் வரை இன்னும் தந்துகொண்டிருக்கும், பின்னர் படிப்படியாகக் குறையும். 2011 மார்ச் 11இல் ஜப்பானின் புகுஷிமாவில் நிலநடுக்கத்துடன் பிளவு நின்றுவிட்டது. பின்னர் வந்த சுனாமியால் மின்சாரம் இல்லாமற்போய்க் குளிர்விக்க முடியாதபோது உலைகளை உருக்கியது இந்தச் சிதைவு வெப்பம்தான்.

இரண்டு: உலையைக் கட்டுப்படுத்த முடிவதும் சிதைவால்தான். யுரேனியம் 235 பிளவில் வரும் நியூத்திரன்களில் 1 சதவீதத்துக்கும் குறைவானவை உடனே வருவதில்லை. துண்டுகள் பீற்றாச் சிதைவு அடைந்த பிறகு, சில செக்கன்கள் தொடக்கம் ஒரு நிமிடம் வரை தாமதித்து வருகின்றன. இந்தச் சிறு தாமதமே கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு நேரம் கொடுக்கிறது.

மூன்று: எங்கள் உடல்நலத்துக்கு நேரடியாகத் தொடர்புடையது. விபத்தில் வெளியே வரக்கூடிய ஆபத்து, பிளவு அல்ல, பிளவின் துண்டுகள் செய்யும் சிதைவே. காற்றில் வரும் அயடீன் எவரையும் "வெடிக்க" வைக்காது. அது உடலுக்குள் போய்ச் சிதைவதுதான் கெடுதல்.

முதலாவது கேள்விக்குப் பதில்: லாச்சிக்குள் கிடக்கும் குளிசை

எங்கள் தைரொயிட் சுரப்பி அயடீனை இழுத்துச் சேமிக்கும். அது சாதாரண அயடீனா கதிரியக்க அயடீனா என்று சுரப்பிக்கு வேறுபாடு தெரியாது. 1986 ஏப்ரல் 26இல் செர்னோபில் விபத்து நடந்தபோது அயடீன் 131 புல்லில் படிந்தது. பசுக்கள் புல்லைத் தின்றன, பிள்ளைகள் பாலைக் குடித்தார்கள். அன்று சிறுவர்களாகவும் பதின்ம வயதினராகவும் இருந்தவர்களில் 2005 வரையில் 6,000க்கும் மேற்பட்டோருக்குத் தைரொயிட் புற்றுநோய் கண்டறியப்பட்டதாக ஐக்கிய நாடுகளின் விஞ்ஞானக் குழு அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சையால் பிழைத்தார்கள். போலந்து நாடு ஒரு கோடிக்கும் மேற்பட்ட சிறுவர்களுக்குச் சாதாரண அயடீனை விரைவாகக் கொடுத்தது.

பொற்றாசியம் அயடைட் குளிசையின் வேலை இதுதான். சுரப்பியை நல்ல அயடீனால் முன்கூட்டியே நிரப்பிவிட்டால் கெட்ட அயடீனுக்கு அங்கே இடமில்லை. பேருந்தில் எல்லா இருக்கைகளும் நிரம்பிவிட்டால் பின்னால் வருபவர் ஏறமுடியாதது போல.

ஆனால் சிலவற்றை மறக்கக்கூடாது.

இந்தக் குளிசை தைரொயிட்டை மட்டுமே, அதுவும் கதிரியக்க அயடீனில் இருந்து மட்டுமே காக்கும். சீசியத்துக்கோ வேறு எதற்குமோ இது மருந்தல்ல.

மாகாணத்தின் தலைமைச் சுகாதார அதிகாரி சொன்னால் மட்டுமே போடவேண்டும். தொலைபேசி அலறியவுடன் போடக்கூடாது. 2020இல் அலறியபோது போட்டிருந்தால் காரணமில்லாமல் போட்டதாகவே இருந்திருக்கும்.

அதிகம் தேவைப்படுவோர் குழந்தைகள், சிறுவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார். வயதுக்கு ஏற்ப அளவு வேறுபடும். பெட்டியில் உள்ள தாளை இன்றே வாசித்து, வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்று தமிழில் எழுதி பெட்டியின் மேல் ஒட்டிவிடுங்கள். ஆங்கிலம் வாசிக்காத அம்மம்மா பிள்ளைகளுடன் தனியாக இருக்கும் நேரத்திலும் அந்தச் செய்தி வரலாம்.

தைரொயிட் நோய் உள்ளவர்கள், அயடீன் ஒத்துவராதவர்கள் இப்போதே குடும்ப வைத்தியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அயடீன் உப்பை அள்ளிச் சாப்பிடுவது மாற்றுவழி அல்ல. பெரியவர் ஒருவருக்கு வேண்டிய அளவை உப்பில் பெறுவதானால் ஒரு கிலோவுக்கு மேல் சாப்பிடவேண்டும். அதற்கு முன் உப்பே ஆளைக் கொன்றுவிடும்.

பிக்கரிங், டார்லிங்டன் நிலையங்களில் இருந்து 10 கிலோமீற்றருக்குள் உள்ள வீடுகளுக்கு இந்தக் குளிசைகள் 2015இல் இருந்து விநியோகிக்கப்பட்டுள்ளன. 50 கிலோமீற்றருக்குள் இருப்பவர்கள் கேட்டு இலவசமாகப் பெறலாம். ஸ்காபறோ, மார்க்கம் வாசகர்கள் இந்த எல்லைக்குள் வருகிறார்கள். 2020இல் அந்தத் தவறான செய்தி வந்து இரண்டு நாட்களுக்குள் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகள் குவிந்தன. அவசரம் வருமுன் கேட்டுப் பெறுவதே நல்லது.

இன்னொன்று: அயடீன் 131இன் அரைவாழ்வுக்காலம் 8 நாள் என்பதால் 80 நாட்களில் அது ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். விபத்துக்குப் பின் பால், கீரை பற்றி அதிகாரிகள் தடை விதிப்பதும் பின்னர் நீக்குவதும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இரண்டாவது கேள்விக்குப் பதில்: அதே அயடீன், மருந்தாக

சுரப்பி அயடீனை இழுக்கிறது என்பதே செர்னோபிலில் ஆபத்தாயிற்று. அதுவே வைத்தியசாலையில் நன்மையாகிறது. 1941 முதல் வைத்தியர்கள் கதிரியக்க அயடீனைத் தைரொயிட் நோய்க்குக் கொடுத்து வருகிறார்கள். சத்திரசிகிச்சைக்குப் பின் எங்காவது மிஞ்சியிருக்கும் தைரொயிட் கலங்கள் அதை இழுத்துக்கொள்ளும். பீற்றாத் துகள் சில மில்லிமீற்றரே செல்வதால் அந்தக் கலங்களையே பெரும்பாலும் அழிக்கும். கூட வரும் காமாக் கதிரைக் கொண்டு அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று படம் எடுப்பார்கள்.

இதில் பிளவு எதுவும் உடலுக்குள் நடப்பதில்லை. அயடீன் பிளக்கக்கூடிய பொருளே அல்ல. அது சிதைந்து சாதுவான செனனாக மாறுகிறது. "அணுகுண்டுச் சாமான்" என்ற பயத்துக்கு அந்த அம்மாவுக்கு நாம் சொன்ன பதில் இதுவே: குண்டிலும் உலையிலும் நடப்பது பிளவு, உங்கள் மருந்தில் நடப்பது சிதைவு.

பேரப்பிள்ளை பற்றிய அவருடைய கவலை நியாயமானது. சிகிச்சைக்குப் பின் சில நாட்களுக்கு உடலில் இருந்து காமாக் கதிர் வரும். சிறுநீர், வியர்வை, உமிழ்நீரிலும் அயடீன் இருக்கும். எனவே:

வைத்தியசாலை சொல்லும் நாட்கள் வரை தனியாகப் படுங்கள். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் மடியில் வைக்கவோ அருகில் நீண்ட நேரம் இருக்கவோ வேண்டாம்.

நிறையத் தண்ணீர் குடியுங்கள். கழிப்பறையில் இரண்டு தடவை தண்ணீர் விடுங்கள். ஒரே கோப்பையில் குடிப்பது, கையால் குழைத்து ஊட்டிவிடுவது வேண்டாம்.

கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இந்தச் சிகிச்சை கொடுக்கப்படுவதில்லை. சந்தேகம் இருந்தால் வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்லுங்கள்.

சிகிச்சைக்கு முன் அயடீன் குறைந்த உணவு சாப்பிடும்படி சொல்வார்கள். எங்கள் சமையலில் அயடீன் உப்பு, மீன், இறால், கருவாடு, பால், முட்டை மஞ்சட்கரு ஆகியவற்றைக் கவனிக்கவேண்டும். வைத்தியர் தரும் பட்டியலைச் சமைப்பவரிடமும் காட்டுங்கள்.

சிகிச்சை முடிந்து சில வாரங்களுக்குள் ஊருக்குப் பயணம் செய்தால் விமான நிலையத்திலோ எல்லையிலோ உள்ள கதிர்வீச்சுக் கருவிகள் ஒலிக்கக்கூடும். வைத்தியசாலையின் கடிதத்தைக் கையில் வைத்திருங்கள்.

எலும்பு, இதயம் போன்றவற்றுக்கான ஸ்கான்களில் தரும் ரெக்னீசியம் இதைவிட மிக இலேசானது. அதன் தாயான மொலிப்டினம் 99 யுரேனியப் பிளவின் துண்டுகளில் ஒன்று. 66 மணிநேர அரைவாழ்வுக்காலத்துடன் பீற்றாச் சிதைவால் அது ரெக்னீசியமாகிறது. உலகுக்குத் தேவையான மொலிப்டினத்தில் பெரும்பங்கைப் பல ஆண்டுகளாகத் தந்தது ஒன்ராறியோவின் சோக் றிவர் உலை. 2009இல் அந்த உலை நீண்ட காலம் நின்றபோது உலகெங்கும் ஸ்கான்கள் தள்ளிப்போயின. 2018 மார்ச்சில் அது நிரந்தரமாக மூடப்பட்டது. சாதாரண எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தவர் உடலில் எந்தக் கதிரியக்கமும் மிஞ்சுவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம்.

மூன்றாவது கேள்விக்குப் பதில்: நிலக்கீழ் அறையின் ரேடன்

ரேடன் அணுமின் நிலையத்தில் இருந்து வருவதில்லை. பிளவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் 238 தானாகச் சிதைந்து ஈயமாக மாறும் நீண்ட சங்கிலியில் ரேடன் ஒரு கண்ணி. சங்கிலியின் மற்றக் கண்ணிகள் திண்மங்கள், மண்ணிலேயே கிடக்கும். ரேடன் வாயு ஆதலால் அத்திவார வெடிப்புகளாலும் குழாய்களைச் சுற்றியுள்ள இடைவெளிகளாலும் வீட்டுக்குள் வந்துவிடும். நிறமில்லை, மணமில்லை. குளிர்காலத்தில் யன்னல்கள் மூடியிருக்கும்போது கீழே தங்கிச் சேரும்.

அதன் அரைவாழ்வுக்காலம் 3.8 நாள். அது சிதைந்து உண்டாகும் பொலோனியம் தூசியில் ஒட்டி நுரையீரலில் படிந்து அங்கேயே அல்பாத் துகள்களை விடுகிறது. தோலைத் தாண்டமுடியாத அதே அல்பா, நுரையீரலின் மெல்லிய படையில் வேலையைக் காட்டுகிறது. கனடாவில் நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடித்தலுக்கு அடுத்த காரணம் ரேடன்தான். ஆண்டுக்கு 3,000க்கும் மேற்பட்ட மரணங்கள் இதனால் என்று கனடிய சுகாதார அமைச்சு கணிக்கிறது. புகைபிடிப்பவர் அதிக ரேடன் உள்ள வீட்டிலும் வாழ்ந்தால் ஆபத்து பல மடங்காகிறது.

எங்கள் சமூகத்தில் புதிதாக வந்தவர்கள், படிக்கும் பிள்ளைகள், பெற்றோர் எனப் பலர் நிலக்கீழ் அறைகளிலேயே உறங்குகிறார்கள். ஆகவே இது எங்களைத் தொடும் விடயம். பக்கத்து வீட்டில் குறைவாக இருந்தால் உங்கள் வீட்டிலும் குறைவு என்று எண்ணவேண்டாம், அளந்துதான் அறியமுடியும். நாளுக்கு நான்கு மணிநேரத்துக்கு மேல் இருக்கும் மிகக் கீழான தளத்தில் ஒரு சிறு கருவியைக் குளிர்காலத்தில் குறைந்தது மூன்று மாதம் வைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டும். கனடாவின் வழிகாட்டி அளவு ஒரு கனமீற்றர் காற்றில் 200 பெக்கரல். ஒரு பெக்கரல் என்பது செக்கனுக்கு ஒரு சிதைவு. உலக சுகாதார நிறுவனம் முடியுமானால் 100க்குக் கீழே வைத்திருக்கச் சொல்கிறது.

அளவு கூடினால் வீட்டை விற்கத் தேவையில்லை. சான்றிதழ் பெற்ற நிபுணர் தரைக்குக் கீழிருந்து ஒரு குழாயும் சிறு விசிறியும் வைத்து வாயுவை வெளியே இழுத்துவிடுவார். பெரும்பாலான வீடுகளில் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். வீட்டு உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாடகைக்கு விடும் அறையையும் அளந்துபாருங்கள். அங்கே உறங்குவதும் யாரோ பெற்ற பிள்ளைதான்.

வீட்டில் உள்ள வேறு கதிரியக்கம்

சில புகை அலாரங்களில் மிகச் சிறிதளவு அமெரிசியம் 241 இருக்கிறது. உலையில் உண்டாகும் புளூட்டோனியம் பீற்றாச் சிதைவால் அமெரிசியமாகி, பின் அல்பாவை விடுகிறது. மூடிக்குள் இருக்கும்வரை அதனால் தீங்கில்லை. தீயில் இருந்து உயிரைக் காப்பாற்றும். கழற்றவோ உடைக்கவோ வேண்டாம். வாழைப்பழத்திலும் எங்கள் உடலிலும் உள்ள பொற்றாசியம் 40 இயற்கையாகவே சிதைகிறது. வளர்ந்த ஒருவரின் உடலில் ஒவ்வொரு செக்கனும் ஏறத்தாழ 4,000 தடவைகள். ஆகவே "கதிரியக்கம்" என்ற சொல்லைக் கேட்டதும் நடுங்கத் தேவையில்லை. எந்தப் பொருள், எவ்வளவு, உடலுக்கு வெளியிலா உள்ளேயா, எவ்வளவு காலம் என்று கேட்கப் பழகுவோம்.

சுருக்கமாக

சிதைவு தானாக நடப்பது, பிளவைப் பெரும்பாலும் நியூத்திரன் தூண்டவேண்டும். பிளவை நிறுத்தலாம், பிளவுத் துண்டுகளின் சிதைவை நிறுத்தமுடியாது, ஆறவிடத்தான் முடியும். ரேடன் பிளவு இல்லாத சிதைவு. அயடீன் பிளவில் பிறந்து, சிதைவால் தீமையும் நன்மையும் செய்வது.

இந்த வாரம் செய்யவேண்டியவை இரண்டு. குளிசைப் பெட்டி வீட்டில் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் காட்டுங்கள். நிலக்கீழ் அறையில் யாராவது உறங்கினால் ரேடன் அளக்கும் கருவி ஒன்றை வாங்குங்கள்.

அந்த அம்மா பின்னர் சிகிச்சையைப் பெற்றுக்கொண்டார். மேல்மாடி அறையில் தனியாக இருந்து, கதவுக்கு வெளியே நின்ற பேரனுடன் தூரத்தில் இருந்தே கதைத்தாராம். சென்ற ஒன்றுகூடலுக்கு அவனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

குறிப்பு: இக்கட்டுரை பொது அறிவுக்காக எழுதப்பட்டது. உங்கள் உடல்நிலை குறித்து உங்கள் குடும்ப வைத்தியரின் ஆலோசனையையே பின்பற்றுங்கள்.